நடவுப் பாட்டு போன பாதை: கே.ஏ. குணசேகரனின் குரலும் நாம சேர்த்து வைக்க வேண்டியதும்

நகரத்திலிருந்து எங்க ஊருக்கு வர்ற நண்பர்கள் வழக்கமா ரெண்டு கேள்வி கேப்பாங்க. கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போனா நல்லா இருக்கும்? வயல்ல நடவுப் பாட்டு கேக்க முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வெயில் தாழ்ந்து நாலரைக்கு மேல போங்க, கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்லு அப்போதான் நிறம் காட்டும். ரெண்டாவது கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

பாட்டு இப்போ வயல்ல பெரும்பாலும் இல்லை. ஆனா செத்தும் போகலை. வயல்ல இருந்து புத்தகத்துக்குப் போச்சு, ரேடியோவுக்குப் போச்சு, கேசட்டுக்குப் போச்சு, மேடைக்கும் சினிமாவுக்கும் போச்சு. இப்போ உங்க போனுக்குள்ள இருக்கு. இந்தப் பாதையில பெரும்பகுதியைத் தானே நடந்து பார்த்த ஒரு மனுஷரைப் பத்திச் சொன்னா, பாட்டு எங்கே போச்சு, போற வழியில எதைத் தொலைச்சுதுன்னு புரியும். அவர் கே.ஏ. குணசேகரன். பாடகர், ஆய்வாளர், நாடகக்காரர், பேராசிரியர். 1955-ல பிறந்து 2016 ஜனவரியில காலமானவர்.

வயல்ல பாட்டு என்ன வேலை செஞ்சுது

முதல்ல ஒன்னைச் சொல்லிடணும். வயல்ல பாடினது பொழுதுபோக்குக்கு இல்லை. மண்வெட்டி, கலப்பை மாதிரி பாட்டும் ஒரு வேலைச் சாமான்.

நடவு அன்னிக்கு விடியக்காலமே நாத்தைப் பறிச்சு, முடி கட்டி, பரம்பு அடிச்ச வயல்ல வீசி வச்சிருப்பாங்க. பெண்கள் வரிசையா நின்னு, குனிஞ்ச இடுப்பு நிமிராம, பின்னால நகர்ந்துகிட்டே நடுவாங்க. குரல்வளம் இருக்குற ஒரு அம்மா வரியை எடுத்துக் கொடுப்பாங்க. மத்தவங்க அதை வாங்கிப் பாடுவாங்க. வேகமா நடுறவங்களையும் பின்தங்குறவங்களையும் ஒரே சீருக்குக் கொண்டுவர்ற கயிறு அந்தப் பாட்டுதான். கிணத்துல ஏற்றம் இறைச்ச காலத்துல பாட்டுதான் கணக்கும்கூட. சாலுக்கு ஒரு வரி, இத்தனை சால் ஆச்சுங்கிற எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வந்துடும். எங்க அப்பாயி சொல்லுவாங்க, விடியறதுக்கு முந்தி படுக்கையில கிடந்தே எந்தக் கொல்லையில எத்தனை சால் இறைச்சிருக்காங்கன்னு காதால தெரிஞ்சுக்கலாமாம்.

டீசல் என்ஜினும் கரண்டு மோட்டாரும் வந்ததும் ஏற்றப்பாட்டுக்கு வேலை இல்லாம போச்சு. மோட்டாருக்கு யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. அறுப்பு மிஷின் வந்ததும் கதிரறுப்புப் பாட்டு நின்னுச்சு. நடவுப் பாட்டு கொஞ்ச காலம் தாக்குப் பிடிச்சுது. இப்போ ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி, வேன்ல வந்து இறங்கி, மத்தியானத்துக்குள்ள நட்டு முடிச்சு அடுத்த ஊருக்குப் போறாங்க. அந்த ஓட்டத்துல பாட மூச்சு மிச்சம் இருக்காது. அவங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பாடிக்கிட்டே நட்டதை விட இப்போ கூலி கொஞ்சம் பரவாயில்லை.

இன்னொன்னையும் சொல்லாம விட முடியாது. நிலம் வச்சிருந்தவங்க வரப்புல நின்னாங்க. சேத்துல நின்னு பாடினவங்க கூலிக்காரங்க, அதுலயும் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவங்க. அதனால அந்தப் பாட்டுக்குள்ள தென்றலும் நிலாவும் மட்டும் இருக்காது. கூலி இருக்கும், பசி இருக்கும், கைக்குழந்தையை மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு வந்த கவலை இருக்கும். வரப்புல குடை பிடிச்சு நிக்கிறவரைச் சாடையாக் குத்துற வரியும் இருக்கும். நேருக்கு நேரா பேச முடியாததைப் பாட்டுல பேசலாம். கேக்குறவர் கோபப்பட்டா அவருக்குத்தான் அசிங்கம். "மண் வாசனை"ன்னு இன்னிக்கு நாம ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போறதுக்குள்ள இவ்வளவு இருந்துச்சு.

புத்தகத்துக்குப் போன பாட்டு

நம்ம நாட்டுப்பாட்டை எழுதி வைக்கிற வேலை வெள்ளைக்காரங்க காலத்துலயே தொடங்கிடுச்சு. 1871-ல சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் பத்தி ஆங்கிலத்துல ஒரு புத்தகம் போட்டார். அப்புறம் பெர்சி மாக்வீன்னு ஒரு அதிகாரி சேர்த்து வச்ச பாட்டுகளை கி.வா. ஜகந்நாதன் பதிப்பிச்சு, 1958-ல தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 'மலையருவி'ங்கிற பேர்ல வெளியிட்டுச்சு. 1964-ல நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார்.

நா.வா. தொகுப்பைக் கையில எடுத்தா ஒன்னைக் கவனிங்க. பாட்டுக்குக் கீழ வட்டார வழக்குக்குப் பொருள் இருக்கும். அதோட உதவியவர் யாரு, சேகரிச்சவர் யாரு, எந்த இடம்னு போட்டிருக்கும். சின்ன எழுத்துல இருக்குற அந்த வரிகளை நிறைய பேர் தாண்டிப் போயிடுவாங்க. எனக்கு அந்தப் புத்தகத்துல ரொம்பப் பிடிச்சதே அதுதான். பாட்டு ஆகாயத்துல இருந்து விழலை, இந்த ஊர்ல இந்த ஆளு வாயில இருந்து வந்துச்சுன்னு அது சொல்லுது.

புத்தகத்துக்கு ஒரு குறை. ராகம் வராது. வரியைப் படிச்சா அர்த்தம் புரியும், இடுப்பு வளைஞ்சு நடுறப்போ மூச்சு எங்கே நின்னு எங்கே எடுக்குதுன்னு தெரியாது. 1939-ல திருச்சி வானொலி நிலையம் வந்துச்சு. நாட்டுப்பாட்டு காத்துல ஏறுச்சு. ஆனா ரேடியோவுல எப்போ எது வரும்னு நிலையம்தான் முடிவு பண்ணும். நமக்கு வேணும்கிறப்போ திருப்பிக் கேக்க முடியாது.

கேசட்டு பண்ணின புரட்சி

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல ஐரோப்பாவுல அறிமுகப்படுத்தின அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டி நம்ம கடைத்தெருவுக்குப் பரவலா வர 1980-கள் ஆச்சு. அதுக்கு முந்தி இசைத்தட்டு காலம். தட்டு போட பெரிய கம்பெனி வேணும், பெரிய பணம் வேணும். அதனால சினிமாப் பாட்டும் பெரிய வித்வான்களும்தான் தட்டுல ஏறுனாங்க. கேசட்டு வந்ததும் நிலைமை தலைகீழாச்சு. ஒரு சின்ன ஸ்டுடியோ, நகல் எடுக்க ரெண்டு மூனு மெஷின் இருந்தா யார் வேணும்னாலும் வெளியிடலாம். வட இந்தியாவுல இது எப்படி ஊர்ப்பாட்டுகளை எல்லாம் கிளப்பி விட்டுச்சுன்னு பீட்டர் மானுவல்ங்கிற ஆய்வாளர் 1993-ல ஒரு புத்தகமே எழுதினார். நம்ம பக்கமும் அதே கதைதான்.

அந்தக் காலத்து ஜெயங்கொண்டம் கடைத்தெரு ஞாபகம் இருக்குறவங்களுக்குத் தெரியும். தாள்ல பாட்டுப் பேரு எழுதிக் கொடுத்தா வெத்துக் கேசட்டுல பதிஞ்சு கொடுப்பாங்க. நாடா சிக்கிக்கிட்டா பென்சிலை விட்டுச் சுத்துவோம். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழான்னா குழாய் ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டுக்கு நடுவுல நாட்டுப்பாட்டுக் கேசட்டும் ஓடும். மதுரையிலிருந்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் குரல் வரும். அவங்களும் கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராப் போய்ப் பாட்டுச் சேகரிச்ச பேராசிரியர்கள். 2018-ல அந்த அம்மாவுக்கு பத்மஸ்ரீ கிடைச்சுது. வேதாரண்யம் பக்கம் புஷ்பவனத்துல இருந்து வந்த குப்புசாமி, அவரோட சேர்ந்து பாடின அனிதா குப்புசாமி குரல்களும் வீட்டுக்கு வீடு பழக்கம்.

இந்தப் பாட்டுகளை மேல்நாட்டுக்காரங்க போக் பாப்னு சொல்லுவாங்க. நாட்டு மெட்டு, சினிமாப் பாட்டு மாதிரி வாத்தியக் கட்டு, அஞ்சு நிமிஷ நீளம். அந்த அஞ்சு நிமிஷம் முக்கியமான விஷயம். 60 நிமிஷக் கேசட்டுல ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், அதாவது அஞ்சாறு பாட்டு. வயல்ல நடவுப் பாட்டு காலையில தொடங்கி வரப்பு மாறி மாறிப் போகும். அன்னிக்கு நடந்தது, எதிர்ல வந்த ஆளு, கூட நடுற பொண்ணுக்கு வந்த மாப்பிள்ளை எல்லாம் வரியா மாறும். கேசட்டு அதுல ஒரு துண்டை வெட்டி நிலைக்க வச்சுது. நிலைச்சது லாபம். வெட்டுப்பட்டது நட்டம். ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்கு எழுதணும்.

குணசேகரன் நடந்த வழி

குணசேகரன் பிறந்தது இளையான்குடி பக்கம் மாரந்தை, இன்னிக்குச் சிவகங்கை மாவட்டம். தலித் குடும்பம், வறுமை. அவரோட சின்ன வயசுக் கதையை 'வடு'ங்கிற தன்வரலாறா எழுதினார். 2005-ல காலச்சுவடு வெளியிட்டுச்சு. பேச்சு மொழியிலேயே எழுதியிருப்பார். இளையான்குடியில முஸ்லிம் மக்களோட பழகுறப்போ இல்லாத தீட்டு, பக்கத்துக் கிராமத்துக்குப் போனா எப்படி வந்து ஒட்டிக்கிட்டுதுன்னு அதுல வரும். பள்ளிக்கூடத்துல உதவித்தொகைக்காகச் சாதியைச் சொல்லி எழுந்து நிக்கச் சொன்னது வரும். எந்த இடத்துலயும் அழுது புலம்ப மாட்டார். நடந்ததைச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். அதனாலதான் படிக்கிறவங்களுக்கு வலிக்கும்.

நாட்டுப்பாட்டை ஆராய்ச்சி பண்ணினவங்க நிறைய பேர் வெளியிலிருந்து ஊருக்குள்ள வந்தவங்க. குணசேகரன் அந்த ஊருக்குள்ளேயே பிறந்தவர். பாட்டு பிறந்த தெருவுல வளர்ந்தவர். அவரே பாடுவார், அதுவும் நாலு தெரு தள்ளிக் கேக்குற குரல். நாட்டுப்புற இசையில ஆய்வு பண்ணி முனைவர் பட்டம் வாங்கினார். புத்தகங்கள் எழுதினார். 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்'ங்கிறது அதுல ஒன்னு. நாட்டுப்பாட்டுன்னா வயக்காடு மட்டும்தானா, நகரத்துச் சேரியிலயும் தெருவுலயும் பாட்டு பிறக்குதேன்னு பார்த்தவர். 'சேரிப்புறவியல்'னு இன்னொரு புத்தகத்துக்குப் பேர் வச்சார். நாட்டுப்புறவியல்னு பொதுவாச் சொல்லிட்டா யாரோட பாட்டுங்கிறது மறைஞ்சு போகுதுன்னு அந்தத் தலைப்பே சொல்லிடுது.

படிப்போட நிக்கலை. 'தன்னானே'ங்கிற பேர்ல குழு கட்டி மேடை மேடையாப் பாடினார். கேசட்டும் வந்துச்சு. பேரைப் பாருங்க. தன்னானேங்கிறதுக்குத் தனியா அர்த்தம் கிடையாது. பாட்டுக்கு மெட்டுப் பிடிக்கிற வெறும் சத்தம். படிக்காதவங்க வாயில புழங்குற அந்தச் சத்தத்தைப் பேராசிரியர் ஒருத்தர் தன் குழுவுக்குப் பேரா வச்சார்.

அவர் குரல்ல தமிழ்நாடு முழுக்கப் போன பாட்டு 'மனுசங்கடா'. எழுதினவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில 1944-ல பிறந்தவர், குணசேகரன் இறந்த அதே 2016-ல, டிசம்பர் 1-ஆம் தேதி காலமானார். சாதிக் கொடுமைக்கு எதிரா நாங்களும் மனுஷங்கதான்னு உரக்கச் சொல்ற பாட்டு அது. இது ஏன் அவ்வளவு ஆழமா இறங்குச்சுன்னு எங்க காவிரிப் பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில கூலி கூடக் கேட்ட விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. செத்ததுல பெரும்பாலானவங்க பெண்களும் குழந்தைகளும். நடவு நட்ட கைகள்தான். அந்த நெருப்பு தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பாட்டு வெறும் மேடைப்பாட்டு இல்லை. 2017-ல அம்ஷன் குமார் இயக்கின படத்துக்கே அந்தப் பேர்தான்.

இங்கே ஒன்னைப் புரிஞ்சுக்கணும். அதே கேசட்டு, அதே கடைத்தெரு, அதே குழாய் ஸ்பீக்கர். ஆனா குணசேகரன் நாட்டுப்பாட்டை ஏக்கப் பெருமூச்சா விக்கலை. அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு பாடலை. அந்தக் காலம் யாருக்கு நல்லா இருந்துச்சுன்னு கேட்டார். நாட்டு மெட்டுக்குள்ள இருந்த பழைய சாடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நேர்ப் பேச்சா மாத்தினார். 'பலி ஆடுகள்' நாடகமும் அதே வேலைதான், தமிழின் முதல் தலித் நாடகம்னு அதைக் குறிப்பிடுவாங்க. புதுவைப் பல்கலைக்கழகத்துல நாடகமும் நிகழ்கலையும் சொல்லிக்கொடுத்தார். சென்னையில உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராவும் இருந்தார்.

அவர் பக்கத்து மண்ணுல இருந்து வந்த குரல்களையும் சேர்த்துப் பார்க்கணும். சின்னப்பொண்ணு அவரோட குழுவுல பாடிப் பழகினவங்க. 2008-ல 'காதலில் விழுந்தேன்' படத்து 'நாக்க முக்க' வழியா நாடு முழுக்கத் தெரிஞ்சாங்க. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில பாடி, 1985-ல 'ஆண்பாவம்' படத்துல வந்து, 2025 ஜூன்ல காலமானாங்க. மதுரைப் பக்கம் பரவை முனியம்மா 2003-ல 'தூள்' படம் வந்த பிறகுதான் ஊரெல்லாம் அறிஞ்ச பேரானாங்க, 2020 மார்ச்ல போயிட்டாங்க. வயல்லயும் திருவிழாவுலயும் அம்பது வருஷம் பாடினவங்களுக்குக்கூட, சினிமாவுல அஞ்சு நிமிஷம் வந்த பிறகுதான் நம்ம ஊர்ல பேர் கிடைக்குது.

பேர் இருக்கு பாட்டு இல்லை, பாட்டு இருக்கு பேர் இல்லை

எங்க ஊர்க்காரனுக்குக் கல்லைப் பத்திப் பேசாம இருக்க முடியாது. ராஜேந்திர சோழனோட அப்பா ராஜராஜன், தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். அவங்க ஒவ்வொருத்தர் பேரு, எந்தக் கோயில்ல இருந்து வந்தவங்க, எந்தச் சிறகுல எத்தனையாவது வீடுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லு. ஆயிரம் வருஷம் தாண்டியும் அந்தப் பேர்களை இன்னிக்குப் போய்ப் படிக்கலாம். அவங்க ஆடின ஆட்டமும் பாடின பாட்டும் என்னன்னு அந்தக் கல்லு சொல்லலை. அந்த 100 கலம் நெல்லை விளைய வச்சவங்க பேரும் அதுல இல்லை.

நடவுப் பாட்டுல நேர் எதிர். பாட்டு தங்கியிருக்கு, பாடினவங்க பேர் இல்லை. கேசட்டு அட்டையிலயும் சினிமா டைட்டில்லயும் 'நாட்டுப்புறப் பாடல்'னு ஒரு வார்த்தை போட்டா வேலை முடிஞ்சுது. யாரோ ஒரு கிழவி எடுத்துக்கொடுத்த வரிக்கு மரபுன்னு பேரு. அதை மாத்தி எழுதினவருக்கு மட்டும் தனிப்பேரு.

எங்க பக்கத்துல இதுக்குச் சரியான உவமை ஒன்னு இருக்கு. 1836-ல கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணைக்கரையில கீழணை கட்டுறப்போ, கங்கைகொண்ட சோழபுரத்து மதிலையும் இடிஞ்ச கட்டடங்களையும் பேர்த்து அந்தக் கல்லைக் கொண்டு போனாங்க. அணை நல்ல காரியம்தான். அதுல தேங்குற தண்ணியிலதான் எத்தனையோ ஊர் வயல் பாயுது. ஆனா எந்தக் கல்லு மதில்ல எங்கே இருந்துச்சு, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது. பாட்டு சினிமாவுக்குப் போறதும் இப்படித்தான். போகக் கூடாதுன்னு நான் சொல்லலை. போகட்டும், நாலு பேருக்குப் பயன்படட்டும். எடுத்த இடத்தைக் குறிச்சு வச்சுட்டு எடுங்கன்னுதான் சொல்றேன்.

புதுத் தலைமுறையில இது புரிஞ்சவங்க இருக்காங்க. 2021-ல வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கேக்காத ஆள் இருக்க முடியாது. அதை எழுதிப் பாடின அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளைப் பத்திப் போற இடமெல்லாம் சொன்னார். 2024-ல வந்த தன் ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி'ன்னு பேர் வச்சார். ஒரு தோட்டத் தொழிலாளிப் பாட்டியோட பேரு ஆல்பத்துக்குத் தலைப்பா நிக்கிறது சின்ன விஷயம் இல்லை.

ஒரு தொகுப்புன்னா எப்படி இருக்கணும்

குணசேகரனோட பாட்டுகள் கேசட்டுல இருந்து யூடியூபுக்கு ஏறியிருக்கு. நல்ல மனசுள்ளவங்க பழைய நாடாவை ஓட்டி ஏத்தியிருக்காங்க. அது போதுமா? போதாதுங்கிறதுக்கு வெளியூர்ல இருந்து ஒரு கதை சொல்றேன்.

அமெரிக்காவுல உட்டி கத்ரின்னு ஒரு பாட்டுக்காரர், 1912-ல ஓக்லஹோமாவுல பிறந்தவர். 1930-கள்ல அந்தப் பக்கம் மழை பொய்ச்சு, ஆழ உழுது புல் வேரை அறுத்த நிலத்துல மேல்மண்ணு புழுதிப்புயலாக் கிளம்பி, விவசாயிங்க ஊர் ஊரா இடம்பெயர்ந்தாங்க. அவங்க கதையை நாட்டு மெட்டுல கட்டிப் பாடினவர் கத்ரி. 1940 மார்ச்ல ஆலன் லோமாக்ஸ்ங்கிற சேகரிப்பாளர் அவரை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டு, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு பண்ணினார். வெறும் பாட்டு மட்டும் இல்லை. இந்தப் பாட்டு எப்படி வந்துச்சு, அப்போ ஊர் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுக் கேட்டுப் பேச்சையும் பதிஞ்சு வச்சார். அந்தப் பேச்சு இல்லைன்னா பாட்டுல பாதி இன்னிக்கு நமக்குப் புரியாது.

அப்புறம் மோசஸ் ஆஷ்னு ஒருத்தர். 1948-ல போக்வேஸ்ங்கிற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். உலகம் முழுக்க இருந்து நாட்டுப்பாட்டு, தொழிலாளர் பாட்டு, பறவைச் சத்தம் வரைக்கும் வெளியிட்டார். தட்டோட விளக்கக் கையேடும் வச்சுக் கொடுப்பார். பாடினது யாரு, எங்கே, என்ன சமயத்துலன்னு அதுல இருக்கும். விக்கலைங்கிறதுக்காக எந்தத் தட்டையும் அவர் கைவிடலை. 1986-ல அவர் இறந்ததும், ஸ்மித்சோனியன் நிறுவனம் அந்த 2,168 தலைப்புகளையும் எப்பவும் கிடைக்கும்படி வச்சிருக்கணும்கிற நிபந்தனையோட வாங்கிக்கிச்சு. கத்ரி 1967-லயே போயிட்டார். அவரோட நூற்றாண்டுக்கு 2012-ல அதே நிறுவனம் ஒரு தொகுப்புப் போட்டுச்சு. 3 குறுந்தகடு, 57 பதிவு, கூடவே 150 பக்கப் புத்தகம். அதுவரைக்கும் வெளிவராத பதிவுகளும் அதுல இருந்துச்சு. இதெல்லாம் 1940-களில் யாரோ தேதி போட்டு எழுதி வச்சதால கிடைச்ச பலன்.

குணசேகரனுக்கு அப்படி ஒரு தொகுப்பை நான் மனசுல போட்டுப் பார்க்குறேன். 'தன்னானே' மேடைப்பாட்டும் 'மனுசங்கடா'வும் மட்டும் இருந்தா அது வெற்றிப்பாட்டு வரிசைதான். அதோட அவர் கேட்டு எழுதின ஊர்ப்பாட்டு, எடுத்துக்கொடுத்தவங்க பேரு, மூலப்பாட்டும் அவர் மேடைக்கு மாத்தின பாட்டும் பக்கத்துல பக்கத்துல, பறை அடிச்சவங்க, பின்பாட்டுப் பாடினவங்க பேரு, இன்குலாப் மாதிரி எழுதினவங்க பேரு, 'வடு'வுல வர்ற காலத்துக் கதை எல்லாம் சேரணும். அவர் வாழ்க்கை முழுக்கச் சொன்னது அதைத்தானே. பாட்டைத் தனியாப் பிரிச்சு எடுக்காதே, மனுஷனோட சேர்த்து எடு.

இதுக்கு அவசரமும் இருக்கு. கேசட்டு நாடாங்கிறது பிளாஸ்டிக் மேல பசை வச்சு ஒட்டின இரும்புத்துரு மாதிரிப் பொடிதான். சத்தம் அந்தப் பொடியிலதான் நிக்குது. நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பூஞ்சை பிடிக்கும், பசை பிசுபிசுக்கும், பொடி உதிரும். விதைநெல்லைப் பத்திரப்படுத்துற நமக்கு இது தெரியணும். ஈரம் ஏறின விதை முளைக்காது, ஈரம் ஏறின நாடா பாடாது.

நீங்க பண்ணக்கூடியது

பெரிய நிறுவனம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ நீங்களே பண்ணலாம்.

வீட்டுல பழைய கேசட்டு இருந்தா தூக்கிப் போடாதீங்க. அட்டையை ரெண்டு பக்கமும் முதல்ல போட்டோ எடுங்க. பூஞ்சை தெரிஞ்சா ஓட்டிப் பார்க்காதீங்க, தெரிஞ்சவங்க கையில கொடுங்க.

அப்பாயி, அம்மாயி, பக்கத்து வீட்டு ஆயா யாராவது பாடுவாங்கன்னா போன்ல பதிவு பண்ணுங்க. மேடையில பாடுற மாதிரி உக்கார வச்சுப் பாடச் சொன்னா கூச்சப்படுவாங்க. கீரை ஆயுறப்போ, முந்திரிக்கொட்டை உடைக்கிறப்போ கேளுங்க, தானா வரும். பாட்டு நின்னதும் போனை நிறுத்திடாதீங்க. பாட்டுக்கு அப்புறம் அவங்க பேசுறதுதான் பாதிப் பொக்கிஷம். வெளியில போடுறதுக்கு முந்தி, போடலாமான்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க.

இன்னொரு விஷயம். உங்க வீட்டுப் பாட்டியோட நிக்காதீங்க. உங்க வயல்ல நட்டவங்க, ஊருக்குக் கிழக்காலயோ மேற்காலயோ தனியா இருக்குற தெருவுல இருப்பாங்க. அவங்க வீட்டுத் திண்ணைக்குப் போய் உக்காந்து கேளுங்க. வரப்புல நின்னு கேட்ட பாட்டுக்கும் திண்ணையில உக்காந்து கேக்குற பாட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். வரப்புல நிக்கிறப்போ பாடாம விட்ட வரிங்க அங்கே கிடைக்கும்.

கடைசியா, அந்தப் பதிவுக்குப் பேர் வைக்கிறப்போ 'நாட்டுப்புறப் பாடல் 1'னு வைக்காதீங்க. நா.வா. புத்தகத்துல இருக்குற சின்ன எழுத்து வரிகளை மறக்காதீங்க. பாடினவங்க பேரு. ஊரு. என்ன வேலைக்குப் பாடினது. பதிஞ்ச தேதி. நாலு வரிதான். எழுதுறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.